மரத்தடி மண்

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், நான்கு மாமரங்களும் ஒரு பலாவும் கிளையோடு கிளை கோத்துக்கொண்டு நிற்கும் ஒரு சிறு நிலம் உண்டு. சித்திரை வெயிலில் ஊரே கொதித்துக்கொண்டிருக்கும்போதும் அங்கே ஒரு கயிற்றுக்கட்டிலைப் போட்டுச் சற்றுநேரம் சாய்ந்தால் உடம்பு குளிர்ந்துவிடும். ஆயினும், அத்தனை ரம்மியமான நிழலின்கீழ் ஒரு பிடி புல்லைக்கூடக் காண முடியாது. தரை, சாணமிட்டு மெழுகி உலர்ந்த களத்துமேட்டைப் போல இறுகிக் கிடக்கும். மழை பெய்தால் ஜலம் உள்ளே இறங்காமல் செங்குழம்பாகத் திரண்டு வேலியோரமாக ஓடி மறையும். "நிழலில் என்ன முளைக்கும்?" என்று வீட்டில் எல்லோரும் சொல்லுவார்கள், நானும் அதை வேதவாக்காகவே பல வருஷங்கள் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையைக் கலைத்தது ஒரு கோயிற்காடு. புதுச்சேரிக்கு வடக்கே, சென்னைக்குப் போகும் கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கும் புத்துப்பட்டில், ஐயனார் கோயிலைச் சூழ்ந்து ஒரு பழைய காடு நிற்கிறது. ஐயனாருக்கு உரிய காட்டில் கிளை ஒடிக்கலாகாது என்ற பயபக்தியினால் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வந்த அந்தக் காடு, சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் பரந்து கிடந்து, இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டுபட்டு எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடுகளில் ஒன்று. எங்கள் கொல்லையைக் காட்டிலும் அடர்த்தியான நிழல் அங்கே. கடற்கரையின் அதே உஷ்ணம், ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டு மறுபடி மாதக்கணக்கில் முகங்காட்டாத அதே மழை. ஆனால் அந்த நிழலுக்குள்ளே இளங்கன்றுகளும் கொடிகளும் புதர்களும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. கீழே குனிந்து சருகை விலக்கி மண்ணில் விரலை ஊன்றினால், விரல் தடையின்றி இறங்குகிறது. கையில் எடுத்த மண், கறுத்து, பொலபொலவென்று உதிர்ந்து, முதல் மழை விழுந்தவுடன் எழும் வாசனையை மழையில்லாத நாளிலேயே வீசுகிறது.

நிழல் இரண்டிடத்திலும் நிழல்தானே. பின் எங்கள் கொல்லை பாலையாகவும் அந்தக் காடு சோலையாகவும் இருப்பதற்குக் காரணம் யாது என்று யோசித்துக்கொண்டே வீடு திரும்பியவனுக்கு, மறுநாட் காலையில் விடை காதில் விழுந்தது. கொல்லையில் விளக்குமாறு தரையைக் கீறும் சத்தம்! ஐயனார் காட்டைப் பெருக்குவார் ஒருவருமில்லை. எங்கள் மரத்தடியையோ தினந்தோறும் பெருக்கி, சருகைக் குவித்து, சாயங்காலத்தில் நெருப்பு வைத்து, அந்தப் புகை கொசுவை விரட்டுகிறதென்ற திருப்தியோடு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வது மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டு வழக்கம்.

இந்த வழக்கத்தினால் நாம் இழப்பது என்ன என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். மரமானது தன் ஆழ்ந்த வேர்களால் பூமியின் கீழடுக்குகளிலிருந்து சுண்ணாம்பையும் சாம்பற்சத்தையும் மணிச்சத்தையும் மற்றும் பல நுண்ணிய தாதுக்களையும் உறிஞ்சி மேலே கொண்டுவந்து, காற்றிலிருந்து கரியையும் சேர்த்துக்கொண்டு, இலையாகச் சமைக்கிறது. முதிர்ந்த இலை உதிரும்போது, கீழே இருந்த செல்வம் மேல்மண்ணுக்கு வந்து சேர்கிறது. இலையை எரித்தால் கரியும் தழைச்சத்தும் கந்தகமும் பெரும்பாலும் புகையோடு போய்விடுகின்றன. சாம்பலில் தங்கும் சுண்ணாம்பும் சாம்பற்சத்தும், பிடித்து நிறுத்த மக்கு இல்லாத மண்ணில், அடுத்த மழையோடு கரைந்து ஓடுகின்றன. மாமரம் ஆண்டுதோறும் நம் வாசலில் கொண்டுவந்து வைக்கும் பணமுடிப்பை, நாம் ஆண்டுதோறும் கொளுத்திவிட்டு, மண் ஏழையாயிற்றே என்று அங்கலாய்க்கிறோம்.

மண் என்பது வெறும் மணலும் களியும் அன்று. பாறை பொடிந்து உண்டான அந்தச் சடப்பொருளோடு, செத்து மடிந்த தாவரங்களும் பிராணிகளும் உருமாறிக் கலந்த கரிய பொருள் ஒன்று உண்டு. நம் குடியானவர்கள் மக்கு என்றும், விஞ்ஞானிகள் ஹ்யூமஸ் என்றும் வழங்குவது அதுவே. அளவில் இது மிகச் சொற்பம். நம் நாட்டு மண் பரிசோதனைக் கூடங்களில் மண்ணிலுள்ள அங்ககக் கரி 100-க்கு 0.5 பங்குக்குக் கீழே இருந்தால் குறைவு என்றும், 0.75 பங்குக்கு மேலிருந்தால் அதிகம் என்றும் குறிக்கிறார்கள். தமிழ்நாட்டு வயல்களிற் பெரும்பாலானவை அந்தக் குறைந்த வகுப்பிலேயே விழுகின்றன. அளவு சொற்பமேயாயினும் காரியம் பெரிது. தனித்தனியாக நிற்கும் மணலையும் களியையும் ஒட்டிச் சிறுசிறு உருண்டைகளாக்கி, அவற்றின் இடுக்குகளில் காற்றும் ஜலமும் புகுந்து தங்க இடம் செய்வது மக்கு; தன் எடையைப்போலப் பன்மடங்கு ஜலத்தை உறிஞ்சி வைத்து வேண்டும்போது வேருக்கு வழங்குவதும், உப்புச்சத்துக்கள் கரைந்து ஓடிவிடாமல் பிடித்து வைப்பதும் அதன் தொழிலே. இட்டலி மாவில் உப்பு எத்தனை? ஆயினும் அது இல்லையேல் இட்டலி இட்டலியாக இராது.

இலை மக்காக மாறும் வித்தை ஒரே நாளிலோ ஒரே கையாலோ நடப்பதன்று. முதலில், மரம் சிக்கனம் அறிந்த ஒரு குடும்பத் தலைவியைப் போன்றது என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். இலையை உதிர்க்குமுன் அதிலுள்ள தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியைத் திரும்பத் தன் உடம்புக்குள் இழுத்துக்கொண்டு, இழுக்க முடியாத சுண்ணாம்பு முதலியவற்றையும், கரியாலாகிய கூட்டையுமே அது கீழே விடுகிறது. பச்சை நிறம் போய் இலை பழுப்பது இந்தக் கொடுக்கல் வாங்கலின் அடையாளந்தான். கீழே விழுந்த சருகின்மேல் முதலில் குடியேறுபவை பூஞ்சணங்கள். மழை நாளில் சருகைப் புரட்டினால் அடிப்புறத்தில் வெள்ளை நூலிழைகள் பின்னிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரத்துக்கு உறுதி தரும் கடினமான நார்ப்பொருளைக் கரைக்க வல்லவை பிரதானமாக இவையே. இப்படி இளகிய இலையை மரவட்டையும் கறையானும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகளும் கடித்துப் பொடியாக்குகின்றன. பொடியானதைப் பாக்டீரியங்கள் தின்கின்றன. எல்லாவற்றையும் மண்ணோடு சேர்த்து விழுங்கிப் பிசைந்து வெளிவிடுவது மண்புழு.

மண்புழுவின் பெருமையை உலகுக்கு எடுத்துரைத்தவர் சார்லஸ் டார்வின். மனிதனின் பூர்வோத்தரத்தைப் பற்றி உலகையே கலக்கிய அந்த மேதை, தம் வாழ்நாளின் கடைசிப் புத்தகத்தை எழுதியது மண்புழுவைப் பற்றியே. 1881-ஆம் ஆண்டில் அது வெளிவந்தது, அடுத்த ஆண்டில் அவர் காலமானார். இங்கிலாந்தில் அக்காலத்தில் கெண்ட் பிரதேசத்தைச் சேர்ந்திருந்த டவுன் என்ற கிராமத்தில், தம் வீட்டருகே இருந்த ஒரு புல்வெளியில், 1842-ஆம் ஆண்டு டிசம்பரில் சுண்ணாம்புக்கட்டித் துண்டுகளை இறைத்துவைத்த அவர், 29 ஆண்டுகள் பொறுத்திருந்து, 1871-இல் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தபோது, அந்த வெண்மையான வரிசை தரைக்கு 7 அங்குலம் கீழே இறங்கியிருக்கக் கண்டார். கட்டிகள் தாமாக இறங்கவில்லை. மண்புழுக்கள் கீழிருந்து மண்ணைக் கொணர்ந்து மேலே கொட்டிக்கொட்டி அவற்றைப் புதைத்துவிட்டன. நமக்கு இன்னும் நெருக்கமான வேறொன்றையும் அவர் கவனித்தார். புழுக்கள் இரவில் வெளிப்பட்டு, உதிர்ந்த இலைகளைப் பற்றித் தம் வளைக்குள் இழுத்துச் செல்கின்றன. அப்படி இழுக்கும்போது பெரும்பாலும் கூர்மையான நுனியையே பற்றுகின்றன. முக்கோணமாகக் காகிதத்தை வெட்டிப் போட்டுச் சோதித்தபோதும் புழுக்கள் கூர்முனையையே அதிகமாக நாடின. கண்ணும் காதும் இல்லாத ஒரு ஜந்து, கூலி கேளாமல், ஏர் பிடியாமல், சருகை மண்ணுக்குள் கொண்டுசேர்க்கும் உழவனாக இருக்கிறது.

அதே காலத்தில் டென்மார்க் தேசத்துக் காடுகளை ஆராய்ந்துவந்த மியூல்லர் என்ற வன நிபுணர், 1879-ஆம் ஆண்டு தொடங்கி வெளியிட்ட நூல்களில், காட்டுத் தரையின் மக்கு இரண்டு ஜாதி என்று காட்டினார். புழுக்கள் நிறைந்த காட்டில் மக்கு மண்ணோடு இரண்டறக் கலந்து, இனிய வாசனையும் பொலபொலப்பும் உடையதாக இருக்கும். புழுக்கள் வாழாத புளிப்பு மண்ணிலோ, சருகு கலவாமல் பாய்போல ஒரு தனி அடுக்காகப் படிந்து, அடிமண்ணோடு உறவின்றிக் கிடக்கும். முன்னதற்கு முல் என்றும் பின்னதற்கு மோர் என்றும் அவர் வழங்கிய பெயர்களை இன்றும் மண்ணியல் அறிஞர்கள் வழங்குகிறார்கள். சருகைப் போட்டுவிட்டால் மட்டும் போதாது, அதை உண்ணும் ஜீவராசிகளும் அங்கே குடியிருக்க வேண்டும் என்பதே இதனால் நாம் அறிய வேண்டியது.

காட்டின் இந்தப் பாடத்தை உழவர்களுக்கு உபதேசித்தவர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1905-ஆம் ஆண்டில், இன்றைய பீகாரிலுள்ள பூசாவுக்குச் சர்க்கார் தாவர சாஸ்திரியாக வந்து, இந்தியக் குடியானவர்களையே தம் ஆசிரியர்களாகக் கருதிய அந்த ஆங்கிலேயர், தாவர விஞ்ஞானியாகிய தம் மனைவி காப்ரியேலுடன் சேர்ந்து உழைத்து, 1924 முதல் 1931 வரை இந்தூரில் நடத்திய ஆராய்ச்சியின் பலனாக, செத்தையையும் சாணத்தையும் மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணையும் சாம்பலையும் அடுக்கி, ஈரங்காத்து, மூன்று முறை புரட்டி, ஏறக்குறைய மூன்றே மாதத்தில் உரமாக்கும் முறையை வகுத்தார். 1940-இல் வெளியான அவருடைய விவசாய நூல் காட்டைப் பற்றிய பேச்சோடுதான் தொடங்குகிறது. ஆளில்லாமலும் உரக்கடை இல்லாமலும் காடு தன்னைத் தானே போஷித்துக்கொள்கிறது, மேலே விதானமும் கீழே சருகுமாக மண்ணை வெயிலிலிருந்தும் மழையடியிலிருந்தும் காக்கிறது, எதையும் வீணாக்குவதில்லை. அதைப் பார்த்து உழவன் கற்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம்.

சீமையில் சொன்னதெல்லாம் நமக்கு அப்படியே பொருந்திவிடாது. அங்கே குளிர் அதிகம். இலை மக்குவதற்கு இரண்டு வருஷம் பிடிக்கும், மக்கியது நெடுநாள் நிலைக்கும். உஷ்ணம் பத்து டிகிரி ஏறினால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சோலைக்காட்டு மண் ஆழமாகக் கறுத்திருப்பதும், சமவெளியில் மண் வெளுத்திருப்பதும் இதனாலேயே. நம்மூரில் ஈரமும் சூடும் சேர்ந்த மாதங்களில் மக்கு வெகு விரைவில் கரைந்து செலவாகிவிடும். ஒருமுறை போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க இயலாது. காட்டில் ஓயாமல் இலை விழுந்துகொண்டிருப்பதைப் போல, நாமும் ஆண்டுதோறும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே ஆறுதல், நமக்கு இரண்டு வருஷம் காத்திருக்கும் அவஸ்தை இல்லை.

இவ்வளவும் படித்தபின் நான் செய்த முதற்காரியம் ஒரு பெரிய பிசகு. நல்லதைச் சீக்கிரம் செய்துவிட வேண்டுமென்ற ஆத்திரத்தில், ஒரு மாமரத்தின் அடியை ஒரு முழ ஆழத்துக்கு மண்வெட்டியால் கொத்திப் புரட்டி, வண்டி வண்டியாகத் தொழுவுரம் கலந்து, மிகுந்ததை அடிமரத்தைச் சுற்றி ஒரு மேடாகக் குவித்தும் வைத்தேன். எதிர் வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்யும் முதியவர் ஒருவர் வேலி மறைவில் நின்று பார்த்துவிட்டு, "ஏங்க ஐயா, மரத்தோட வாயையெல்லாம் வெட்டிப்புட்டு அதுக்குச் சோறு போடறீங்களே!" என்றார்.

"வாயா? எங்கே பெரியவரே?" என்றேன்.

அவர் மண்வெட்டி திறந்த பள்ளத்தைக் காட்டினார். தலைமயிரைப் போன்ற மெல்லிய வேர்கள் நூற்றுக்கணக்கில் அறுந்து கிடந்தன.

அவர் சொன்னது முற்றும் உண்மை. மரத்தைத் தாங்கும் பெருவேர் ஆழத்தில் இருந்தாலும், அதற்கு உணவு வாங்கித் தரும் மெல்லிய வேர்களிற் பெரும்பாலானவை மேலேயுள்ள ஓரடி மண்ணிலேயே பரவியிருக்கின்றன. அவற்றை அறுத்தால் மரம் பட்டினி கிடக்கும். அந்த வருஷம் அந்த மாமரம் பூத்த பூவையெல்லாம் உதிர்த்துவிட்டது. அடிமரத்தை ஒட்டிக் குவித்த ஈர உரத்தில் பட்டை ஊறி அழுகத் தொடங்கியதையும் பிறகு கண்டேன். ஆகையால், மரநிழலில் மண்ணை வளப்படுத்த விரும்புவோருக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை, கொத்தாதீர்கள் என்பதே. காடு எப்போதாவது கொத்துகிறதா? மேலே போடுகிறது, கீழே கொண்டுபோவது புழுவின் பாடு.

இனிச் செய்யவேண்டிய கிரமத்தைச் சொல்லுகிறேன். நம் சமவெளி மரங்களிற் பல மாசி முதல் சித்திரைக்குள் பழைய இலைகளைக் கழித்துப் புதுத்தளிர் விடுகின்றன. சருகு திரட்ட அதுவே காலம். கொல்லையின் நிழலான ஒரு மூலையில், மூங்கில் தட்டியை வளையமாக வளைத்து, நான்கடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள ஒரு கூடு கட்டிக்கொள்ளலாம். அடியில் சிறு சுள்ளிகளைப் பரப்பினால் காற்றோட்டம் இருக்கும். அதன்மேல் ஓரடிச் சருகு, அதன்மேல் சாணத்தைக் கரைத்த தண்ணீர், ஒரு கூடை மண் என்ற வரிசையில் மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வோர் அடுக்கையும் காலால் மிதித்து, கூடு நிரம்பியதும் தென்னை ஓலையால் மூடிவிட வேண்டும். உள்ளேயுள்ள சருகு, பிழிந்து உதறிய துணியைப்போன்ற ஈரத்தோடு இருக்க வேண்டும். சொட்டச்சொட்ட நனைந்தால் காற்றில்லாமல் நாறும், காய்ந்தால் மக்காமல் அப்படியே கிடக்கும். வெயில் காலத்தில் வாரம் ஒருமுறை தண்ணீர் தெளித்து, மாதம் ஒருமுறை புரட்டிவிட்டால், ஆறேழு மாதத்தில், மழைக்காலம் வரும் சமயத்தில், நாலடி உயரக் குவியல் ஓரடியாகச் சுருங்கிப் பாதி மக்கிய நிலையில் கைக்குக் கிடைக்கும். அதைப் புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, மரத்தடி முழுவதும் மூன்று அல்லது நான்கு அங்குல கனத்துக்குப் பரப்ப வேண்டும். பரப்புவதற்கு முன்னாலும் பின்னாலும் தரையை நன்றாக நனைக்க வேண்டும். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாகவே இருக்கட்டும். புதிதாக உதிரும் சருகை இந்தப் போர்வையின்மேல் விழுந்தபடியே விட்டுவிடலாம்.

சாணக் கரைசல் எதற்கு என்று கேட்கலாம். மரம் தழைச்சத்தை உறிஞ்சிக்கொண்டு கூட்டை மட்டும் விட்டது என்றேனல்லவா? ஆகையால் சருகில் கரி மிகுதி, தழைச்சத்து குறைவு. தழைச்சத்து ஒரு பங்கிருந்தால் கரி 40 முதல் 80 பங்குவரை இருக்கும். மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கோ ஒன்றுக்கு 25 அல்லது 30 என்ற விகிதமே இஷ்டம். சோறு நிறைய இருந்து குழம்பு போதாமற்போனால் இலையில் உட்கார்ந்தவன் அடுத்த இலையை எட்டிப் பார்ப்பதைப்போல, அவை பக்கத்து மண்ணிலுள்ள தழைச்சத்தைப் பறித்துக்கொள்ளும். அந்தச் சமயத்தில் அங்கே வளரும் செடி வெளிறிவிடும். சாணமும் கோமூத்திரமும் கடலைப் பிண்ணாக்கும் பச்சைத் தழையும் அந்தக் குழம்பைப் போன்றவை. மக்காத சருகையும் மரத்தூளையும் மண்ணுக்குள் புதைக்கும்போதுதான் இந்தத் தொல்லை அதிகம். மேலே பரப்பிவைத்தால் பட்டினி மேல்தோலோடு நின்றுவிடும். கொத்தாமைக்கு இது இன்னொரு காரணம்.

எல்லா இலையும் ஒரே குணமுடையது அன்று. அகத்தி, முருங்கை, புங்கம், தூங்குமூஞ்சி, கிளிரிசிடியா முதலியவற்றின் மெல்லிய இலைகள் சில வாரங்களிலேயே கரைந்துவிடும். இவற்றுள் பெரும்பாலானவை பயறு வகையைச் சேர்ந்த மரங்களாதலால் தழைச்சத்தும் நிரம்பியவை. மா, பலா, முந்திரி இலைகள் தோல்போலத் தடித்தவை; நின்று நிதானமாகவே மக்கும், ஆகவே போர்வையாக நெடுநாள் உழைக்கும். சவுக்கின் ஊசியிலையும் தைலமரத்து இலையும் மிக மெதுவானவை. இவற்றைத் தனியாகப் போடாமல் மற்ற இலைகளோடு கலப்பது நலம். விரைவாகக் கரையும் இலை அன்றாடச் செலவுக்குரிய சில்லறை, நிதானமாக மக்கும் இலை பெட்டியில் வைக்கும் சேமிப்பு. இரண்டும் கலந்திருப்பதே குடித்தனத்துக்கு அழகு. வயலுக்குத் தழையுரம் இடுவதற்குக் கொழிஞ்சியையும் புங்கந்தழையையும் பூவரசந்தழையையும் தேடித்தேடி வெட்டிச் சுமந்த நம் முன்னோர்களுக்கு இந்த விவேகம் நன்றாகத் தெரிந்தேயிருந்தது. வயலுக்குக் கொடுத்த அந்தத் தழையில் ஒரு கையளவை மரத்தடிக்கும் திருப்பிக் கொடுப்பதே நாம் செய்ய வேண்டியது.

சில எச்சரிக்கைகளும் அவசியம். உலர்ந்த சருகு கறையானை அழைக்கும். சருகை ஈரமாக வைத்திருப்பதும், அடிமரத்தைச் சுற்றி வேப்பம்பிண்ணாக்கு தூவுவதும் அதற்குத் தகுந்த மாற்று. சருகுக்குள் தேளும் பாம்பும் தங்கக்கூடுமாதலால், வீட்டுச் சுவரிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் மூன்றடி தள்ளியே போர்வையைப் போட வேண்டும். சருகைத் தொடுமுன் ஒரு கோலால் தட்டிப் பார்ப்பது விவேகம். தடித்த சருகுப் போர்வை தூறலை எல்லாம் தானே குடித்துவிடும். மரத்தின் விதானமோ சிறுமழையைத் தரைக்கு வரவிடாமல் இலைகளிலேயே தாங்கி ஆவியாக்கிவிடும். கீழே மரத்தின் வேர்களும் ஓயாமல் உறிஞ்சிக்கொண்டிருக்கும். நிழலில் செடி வாடுவதற்கு வெளிச்சக் குறைவைக் காட்டிலும் தாகமே பெரும்பாலும் காரணம் என்பதைப் பலர் அறிவதில்லை. ஆகையால் கோடையில் போர்வையை விலக்கிப் பார்த்து, அடிமண் உலர்ந்திருந்தால் தாராளமாகத் தண்ணீர் விட வேண்டும்.

போர்வை போட்ட முதல் மழைக்காலம் கழிந்ததும் நடலாம். அப்போதும் நிலம் முழுவதையும் கிளறாமல், வேரில்லாத இடமாகப் பார்த்துக் களைக்கொத்தினால் ஒரு கையளவு குழி தோண்டி, மக்கிய உரத்தை நிரப்பி, ஒவ்வொரு செடியாக வைக்க வேண்டும். மிதமான நிழலை விரும்பும் மஞ்சளும் இஞ்சியும், ஈரமுள்ள இடத்தில் சேம்பும் வல்லாரையும், மரத்தில் ஏற்றிவிட வெற்றிலையும் மிளகும், இன்னும் சித்தரத்தை, கூவைக்கிழங்கு, கற்பூரவல்லி, பெரணிகள் ஆகியவையும் நம் நிழலுக்கு இயல்பான குடிகள். கிழங்குகளைப் பறிப்பதும் ஒருவகைக் கொத்தலேயாதலால், மஞ்சளையும் இஞ்சியையும் அடிமரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, கிளைகளின் வெளிவிளிம்பில் நடுவது உத்தமம்.

இதையெல்லாம் யாரோ ஒரு வேடிக்கை மனிதனின் கொல்லைப் பரிசோதனை என்று எண்ண வேண்டாம். ஏற்காட்டிலும் சிறுமலையிலும் பழனிமலைச் சரிவுகளிலும் காப்பி பயிரிடுவோர் தலைமுறைகளாக இந்தத் தொழிலையே நடத்திவருகிறார்கள். பலாவும் சில்வர் ஓக்கும் மற்ற மரங்களும் மேலே நின்று நிழல் தர, கீழே காப்பி வளர்கிறது; உதிர்ந்த இலையை அவர்கள் பெருக்கித் தள்ளுவதில்லை. சரிவுக்குக் குறுக்கே, செடி வரிசைகளின் இடையே, நீளவாக்கில் சிறு குழிகளை வெட்டி, ஓடும் மழைநீரையும் அதோடு அடித்துவரும் சருகையும் மண்ணையும் அங்கேயே தங்கவைக்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. நிழலினால் செடி வளராதென்றால், அந்த மலைகளில் காப்பி ஏது, மிளகு ஏது?

எங்கள் கொல்லையில் சருகை எரிப்பது நின்று மூன்று வருஷங்கள் ஆகின்றன. முதல் வருஷத்தில் வெளிக்கு ஒன்றும் தெரியவில்லை; தரை குப்பையாகக் கிடக்கிறதென்று வந்தவர்களெல்லாம் குறை கூறினார்கள். இரண்டாம் வருஷ மழையில், காலையில் எழுந்து பார்த்தால், சருகின் இடுக்கெல்லாம் புழு கொட்டிய சிறுசிறு மண் குவியல்கள். மூன்றாம் வருஷத்தில் வெள்ளம் வேலியோரம் ஓடுவது நின்றது. பெய்த மழை பெய்த இடத்திலேயே இறங்கியது. பட்டினி போட்ட மாமரமும் மன்னித்துவிட்டது போலிருக்கிறது. இந்தப் பருவத்தில் காய்த்திருக்கிறது. புத்துப்பட்டு ஐயனார் காட்டின் கறுப்பு எங்கள் மண்ணுக்கு இன்னும் வரவில்லை. அதற்கு என் ஆயுள் போதாது. மேலே இரண்டு அங்குலம் மட்டும் நிறம் மாறியிருக்கிறது. ஆனால் அந்த இரண்டு அங்குலத்தில் மஞ்சள் முளைத்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு வேம்போ புங்கமோ மாவோ நிற்கக்கூடும். நாளைக் காலையில் அதன் அடியைப் பெருக்க வேண்டாம். பெருக்கியே தீரவேண்டுமானால், குவித்த சருகை ஒரு மூலையில் சேர்த்துத் தண்ணீர் தெளித்து வையுங்கள். தீக்குச்சியை மட்டும் அடுப்படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.